கான்ஸ்டன்டைன் இல்லாவிட்டால் கிறிஸ்தவம் பரவியிருக்குமா?

#1 சந்தேகப்பேர்வழி

நேற்று எங்கள் அலுவலகக் கேன்டீனில் ஒரு வாக்குவாதம். கிறிஸ்தவம் ரோமாபுரி முழுக்கப் பரவியதற்கு ஒரே காரணம் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் என்றேன். 312இல் மில்வியன் பாலத்துச் சண்டையில் ஜெயித்தார், 313இல் மிலான் ஆணை போட்டு அதை அரசு மதம் ஆக்கினார், அப்புறம் ராஜா எவ்வழி குடிகள் அவ்வழி. அதற்கு முந்தைய காலமெல்லாம் நிலவறைகளில் ஒளிந்து ஜெபம் செய்த ஒரு சின்னக் கூட்டம், அவ்வளவுதானே? எதிரே உட்கார்ந்தவர் தலையை ஆட்டி மறுத்தாரே தவிர ஆதாரம் ஒன்றும் தரவில்லை.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்திக் கதை வேண்டாம். கிறிஸ்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்டதை மட்டும் காட்டுவதும் வேண்டாம்.

#2 தோணித்துறை

முதலில் உங்கள் கேள்வியிலேயே திருத்தம் இருக்கிறது. 313 ஏற்பாடு எதையும் அரசு மதம் ஆக்கவில்லை. யாரும் அவரவர் வழிபாட்டைச் செய்யலாம், கிறிஸ்தவர்களிடம் பறித்த இடங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அரசு மதம் ஆனது 380இல், தியோடோசியஸ் காலத்தில். 313க்கு முன்பே, 311இல், கலேரியஸ் என்ற பேரரசர் தடையை விலக்கிவிட்டார். துன்புறுத்தலை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அவர்தான். நோயில் சாகக் கிடந்தபோது போட்ட ஆணை அது. எங்கள் நலனுக்காகவும் உங்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று அதிலேயே கேட்டிருக்கிறார்.

நிலவறை சமாசாரமும் சினிமா பார்த்து வந்தது. அவை கல்லறைகள். பிணம் புதைக்கும் சுரங்கத்தில் யாரும் குடியிருக்கவில்லை.

#3 பதிவறை

கிறிஸ்தவர் எழுதியது வேண்டாம் என்கிறீர்கள். சரி, அரசாங்கக் கோப்பை மட்டும் பார்ப்போம். நான் முப்பது வருஷம் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் பழைய கட்டுகளோடு குப்பை கொட்டியவன். எனக்கும் அதுதான் சௌகரியம்.

கருங்கடலின் தென்கரையில் பித்தினியா, பொந்து என்று சேர்ந்தாற்போல ஒரு மாகாணம். இன்றைய துருக்கியின் வடபகுதி. சுமார் கி.பி. 112இல் அதன் ஆளுநர் பிளினி. அவர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதமும் அதற்கு வந்த பதிலும் அப்படியே கிடைத்திருக்கின்றன. படித்தால் கீழ் அதிகாரி மேலிடத்துக்குத் தெளிவுரை கேட்டு வைத்த குறிப்பு மாதிரியே இருக்கும். இந்த மாதிரி விசாரணையில் நான் இதுவரை இருந்ததில்லை. எதை விசாரிப்பது, எவ்வளவு தண்டிப்பது? வயது பார்க்க வேண்டுமா? விட்டுவிட்டேன் என்பவனை மன்னிக்கலாமா? கிறிஸ்தவன் என்ற பெயரே குற்றமா, இல்லை அந்தப் பெயரோடு ஒட்டிய வேறு குற்றங்கள்தான் குற்றமா?

கேள்விகளை அடுக்கிவிட்டு, அதற்குள் தான் செய்ததையும் எழுதுகிறார். மூன்று முறை கேட்டேன், மிரட்டினேன், பிடிவாதம் பிடித்தவர்களைக் கொல்லச் சொன்னேன், ரோமக் குடியுரிமை உள்ளவர்களை ரோமுக்கு அனுப்ப எழுதி வைத்தேன். உத்தரவு வருவதற்கு முன்பே நடவடிக்கை முடிந்துவிட்டது! அப்புறம் ஒரு மொட்டைக் கடிதாசி வருகிறது, நிறையப் பெயர்களோடு. கூப்பிட்டு விசாரித்தால் சிலர் நாங்கள் கிறிஸ்தவர்களே இல்லை என்கிறார்கள். பேரரசர் சிலைக்கு முன் சாம்பிராணி போட்டு, திராட்சை மது ஊற்றி, கிறிஸ்துவைச் சபித்துக் காட்டியவர்களை விட்டுவிடுகிறார்.

சிலர் முன்பு இருந்தோம், விட்டுவிட்டோம் என்கிறார்கள். மூன்று வருஷம் ஆயிற்று என்று சிலர். இருபது வருஷத்துக்கு முன்பே என்று ஒருவர் இருவர். இவர்கள் வாக்குமூலம்தான் முக்கியம். ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுவோம், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து மாறி மாறிப் பாடுவோம், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்வோம். கலைந்துபோய் மறுபடி சாப்பாட்டுக்குக் கூடுவோம், அது எல்லாரும் சாப்பிடுகிற சாதாரணச் சாப்பாடுதான். சங்கம் கூடக் கூடாது என்று நீங்கள் ஆணை போட்டதும் அந்தச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டோம்.

இவ்வளவையும் எழுதிவிட்டு பிளினி கடைசியில் சொல்கிறார்: எல்லா வயதினரும், எல்லாத் தரத்தினரும், ஆணும் பெண்ணும் இதில் இருக்கிறார்கள். நகரத்தில் மட்டும் இல்லை, கிராமம், வயல்காடு வரை இந்தத் தொற்று போய்விட்டது. கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தன, பலி இறைச்சியை வாங்க ஆள் இல்லாமல் இருந்தது, இப்போதுதான் மறுபடி விற்கிறது.

டிராஜன் பதில் நாலு வரி. தேடிப் பிடிக்காதே. புகார் வந்து நிரூபணமானால் தண்டி. மறுத்து நம் தெய்வங்களைக் கும்பிட்டால் விட்டுவிடு. மொட்டைக் கடிதாசியை எந்த வழக்கிலும் எடுத்துக்கொள்ளாதே, அது நம் காலத்துக்குத் தகாது.

இது நடந்து சுமார் 200 வருஷம் கழித்துத்தான் உங்கள் மில்வியன் பாலம்.

#4 சந்தேகப்பேர்வழி

நல்ல ஆதாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே அரசு அலுவலகத்தில் இருந்தவர். பிரச்சினையைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டு, அதை நான் தீர்த்துவிட்டேன் என்று மேலிடத்துக்கு எழுதாத அதிகாரி உண்டா? கோயில் வெறிச்சோடியது, என் காலத்தில் மறுபடி நிரம்பியது என்பதில் தற்பெருமை வாடை வரவில்லையா?

#5 பதிவறை

வருகிறது. கோயில் காலி, இறைச்சி விற்கவில்லை என்ற வரியை நானும் பாதிதான் நம்புகிறேன். புகார் கொடுத்ததே அந்த இறைச்சி வியாபாரிகளாக இருக்கும் என்று ஓர் ஊகம்கூட உண்டு. ஆனால் இருபது வருஷத்துக்கு முன் விட்டுவிட்டேன் என்ற ஆளைக் கணக்கில் எடுங்கள். அதை மிகைப்படுத்தி பிளினிக்கு ஒரு லாபமும் இல்லை. அப்படியானால் 90 வாக்கிலேயே அந்த மூலையில் சேர்ந்து, சலித்து, விலகிப் போகிற அளவுக்குக் கூட்டம் இருந்திருக்கிறது.

#6 ஞாயிறுவகுப்பு

பதிவறை ஐயா ஒன்றை விட்டுவிட்டீர்கள். இவர்கள் சொல்வது உண்மையா என்று தெரிந்துகொள்ள பிளினி இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். அவர்களைச் சபையில் ‘மினிஸ்திரே’ என்று அழைத்தார்கள் என்று எழுதுகிறார். ஊழியக்காரிகள். ரோமர் 16இல் கெங்கிரேயா சபையின் பெபேயாளுக்கு நம் பழைய தமிழ் வேதாகமம் வைத்திருப்பதும் இதே வார்த்தைதான், ஊழியக்காரி. வீட்டு எஜமானிடம் அடிமை, விடியற்காலைக் கூட்டத்தில் பொறுப்பில் இருப்பவள். அந்த இருவரிடமிருந்தும் அளவுகடந்த மூடநம்பிக்கை தவிர எதுவும் கிடைக்கவில்லை என்று ஆளுநர் கைகழுவுகிறார். அவர்கள் பெயரை எழுதவில்லை. பிழைத்தார்களா என்றும் எழுதவில்லை.

பொந்து என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. கொரிந்துவில் பவுலோடு சேர்ந்து கூடாரம் தைத்த ஆக்கில்லா பொந்து தேசத்தான்தான். அவரும் பிரிஸ்கில்லாளும் ரோமில் இருந்தார்கள், பேரரசர் கிளாடியஸ் யூதர்களை வெளியேற்றியபோது கொரிந்துவுக்கு வந்தார்கள், அங்கிருந்து எபேசு, பிறகு மறுபடி ரோம். எங்கே போனாலும் அவர்கள் வீட்டில் ஒரு சபை. வேலைக்காக ஊர் ஊராகப் போன ஒரு தம்பதி, ஒரு ஊசி, ஒரு கத்தி. மிஷனரிச் சங்கம் எதுவும் கிடையாது.

#7 கொங்குக்காசு

கொஞ்சம் வழி விலகுகிறேன், மன்னிக்கவும். ‘வரிக்காசை எனக்குக் காண்பியுங்கள்’ என்று இயேசு கேட்ட காசு டைபீரியஸ் பேரரசரின் வெள்ளி தினாரியஸாக இருக்கும் என்பது நாணயக்காரர்கள் பொதுவாகச் சொல்வது. நம் கோவை வட்டாரப் புதையல்களில் ரோமக் காசு என்று எடுத்தால் அகஸ்டஸ், டைபீரியஸ் இருவருடையதுதான் குவியலாகக் கிடைக்கும். மிளகுக்கு வந்த காசு. கப்பல் இத்தனை வந்ததென்றால் தோமையாரும் அதில் ஏறி வந்திருக்கலாமே?

#8 மட்டுறுத்துநர்

தோமையார் பற்றி ஏற்கெனவே நீளமான இழை ஒன்று ஓடி, பூட்டப்பட்டது. அதை இங்கே திறக்க வேண்டாம். காசுத் தகவலுக்கு நன்றி. மற்றவர்கள் ரோமப் பேரரசுக்குள் நிற்கவும்.

#9 எண்கணக்கு

இதைக் கணக்காகப் பார்த்தால் அவ்வளவு மர்மம் இல்லை. அமெரிக்க சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் போட்ட கணக்கு இது. கி.பி. 40இல் 1,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு 40 சதவீதம் பெருகட்டும். வருஷத்துக்கு மூன்றரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 100இல் சுமார் 7,500 பேர். 200இல் சுமார் 2,18,000. 250இல் சுமார் 11,70,000. 300இல் சுமார் 63 லட்சம். பேரரசின் மக்கள்தொகை 6 கோடி என்றால் பத்தில் ஒருவர்.

வட்டிக்கு வட்டி போட்டவர்களுக்கு இது புரியும். முதல் 150 வருஷம் கண்ணுக்கே தெரியாது, கடைசி 50 வருஷத்தில் திடீரென்று எங்கும் இருக்கிற மாதிரி தெரியும். வளர்ச்சி வேகம் என்னவோ மாறவே இல்லை. கான்ஸ்டன்டைன் வந்தது வளைவு மேலே திரும்பும் இடத்தில்.

#10 சந்தேகப்பேர்வழி

ஆரம்பத்து 1,000 என்பதே ஊகம். 40 சதவீதம் என்பது 300இல் பத்து சதவீதம் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து போட்டது. விடையை எழுதிவிட்டு வழிமுறை எழுதுகிற பள்ளிக்கூட வேலை. மேலும் பிளினி சொல்வது உண்மையென்றால் 112இல் பொந்துவில் மட்டும் கிராமம் கிராமமாக இருந்திருக்க வேண்டும், உங்கள் கணக்கிலோ பேரரசு முழுக்கவே பத்தாயிரத்துச் சொச்சம். இரண்டில் ஒன்று தப்பு.

#11 எண்கணக்கு

பிடித்துவிட்டீர்கள். ஸ்டார்க்கின் பட்டியல் எண்ணிக்கை இல்லை, அற்புதம் எதுவும் தேவைப்படாமல் இந்த அளவு வளர்ச்சி நடக்க முடியும் என்று காட்டுகிற மாதிரிக் கணக்கு மட்டுமே. ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்திருக்கும். சின்ன ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கிப் பக்கம், தடிமனாக, கால் பகுதியில் மெலிசாக.

(‘கால்’ என்றால் இன்றைய பிரான்ஸ். கால்வாசி என்று படித்துவிடாதீர்கள்.)

#12 தோணித்துறை

யார் பரப்பினார்கள் என்பதற்கு ஓர் எதிரியின் சாட்சி. இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்கர் கிறிஸ்தவத்தைக் கிழித்து எழுதினார். கம்பளி நெய்கிறவன், செருப்புத் தைக்கிறவன், துணி வெளுக்கிறவன், இவர்கள் எஜமானுக்கு முன்னால் வாயே திறக்கமாட்டார்கள், பிள்ளைகளையும் பெண்களையும் தனியாகப் பிடித்தால் மட்டும் உங்கள் அப்பாவையும் வாத்தியாரையும் கேட்காதே என்று ஓதுவார்கள் என்று எரிச்சல்படுகிறார். வேடிக்கை, அந்த நூல் அழிந்துவிட்டது. ஒரிகேன் என்ற கிறிஸ்தவ அறிஞர் மறுப்பு எழுதும்போது வரிக்கு வரி எடுத்து வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது. சந்தேகப்பேர்வழி அண்ணன் கிறிஸ்தவர் எழுதியது வேண்டாம் என்றால் செல்சஸையும் இழக்க வேண்டியதுதான்.

கூட்டம் எங்கே நடந்தது என்பதற்குத் துரா யூரோபோஸ். யூப்ரடீஸ் கரையில் ரோமப் படை தங்கியிருந்த எல்லையூர், இன்றைய சிரியா. அங்கே ஒரு சாதாரண வீடு. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்து ஒரு கூடமாக்கி இருக்கிறார்கள், எழுபது பேர் நெருக்கி உட்காரலாம். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் நல்ல மேய்ப்பன், தண்ணீர்மேல் நடக்கும் காட்சி. சுவரில் கீறிய ஒரு தேதி 232–233க்கு வருகிறது. அதே மதிலோரத்தில் கொஞ்ச தூரத்தில் யூத ஜெபக்கூடம். பாரசீகர் முற்றுகைக்குப் பயந்து மதிலுக்கு முட்டுக்கொடுக்க அந்த வரிசை வீடுகளுக்குள் மண்ணைக் கொட்டினார்கள். 256 வாக்கில் ஊர் விழுந்தது, மண்ணுக்கடியில் சித்திரம் பிழைத்தது. பட்டாளத்து ஊரில், ஊரறியச் சுவர் இடித்துக் கட்டியது. ஒளிந்து செய்கிற வேலையா அது?

#13 பதிவறை

மறுபடி கோப்புக்கு வருகிறேன். இரண்டு தாள்கள்.

முதலாவது, 250. டெசியஸ் பேரரசர் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அத்தாட்சி வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த அத்தாட்சிகளில் நாற்பதுக்கு மேல் எகிப்து மணலில் கிடைத்திருக்கின்றன. ஒன்று டயோஜெனஸ் என்ற கிராமத்துக் கிழவருடையது. வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று போட்டிருக்கிறது! நம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்து அங்க அடையாளம். நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் ஊற்றினேன், பலியிட்டேன், படைத்ததைச் சுவைத்தேன், சான்று தரக் கோருகிறேன் என்று மனு. கீழே அதிகாரி கையொப்பம். இன்னொரு தாள் முதலைத் தெய்வத்துக்குப் பூசை செய்த ஒரு பெண் பூசாரியுடையது. பூசாரிக்கே அத்தாட்சி! ஆணை எல்லாருக்கும் பொது என்பதால் அவரும் வரிசையில் நின்றிருக்கிறார். சில கிறிஸ்தவர்கள் பலியிடாமலே காசு கொடுத்துத் தாள் வாங்கினார்கள், அப்புறம் அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கார்த்தேஜில் ஆயர் சிப்ரியன் காலத்தில் பெரிய சண்டை. லஞ்சம் கொடுத்து வாங்கிய சான்றிதழ் செல்லுமா என்பது பழைய வழக்குதான்.

இரண்டாவது, 303 மே 19. வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரம். கிறிஸ்தவர்களை ஒடுக்கப் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட ஆணைப்படி நகர அதிகாரி கிறிஸ்தவர் கூடும் வீட்டுக்கு எழுத்தரோடு வந்து எடுத்த ஜப்தி மகஜர். பின்னால் ஒரு வழக்கில் அதை வாசித்ததால் நகல் தப்பித்தது. தங்கக் கிண்ணம் 2. வெள்ளிக் கிண்ணம் 6. விளக்குகள். பெண்கள் அங்கி 82, முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 ஜோடி, பெண்கள் செருப்பு 47 ஜோடி. புத்தக அலமாரி காலி. வேதப் புத்தகம் எங்கே என்றால் வாசிப்பவர்கள் வீட்டில் என்கிறார்கள். வீடு வீடாகப் போகிறார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் இரண்டு. இன்னொரு வீட்டில் கணவர் இல்லை, மனைவி ஆறு புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிறாள். நடுவில் ஒருவர் பீப்பாய்க்குப் பின்னால் கிடந்தது என்று ஒரு வெள்ளிப் பெட்டியும் வெள்ளி விளக்கும் கொண்டுவருகிறார். கூட இருந்த எழுத்தர், இதைக் கண்டுபிடிக்காவிட்டால் நீ செத்திருப்பாய் என்கிறார். அந்த வசனத்தையும் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த எழுத்தருக்கு என் வணக்கம்.

#14 ஞாயிறுவகுப்பு

82 பெண்கள் அங்கிக்கு 16 ஆண்கள் அங்கி. 47க்கு 13 செருப்பு. இது அங்கே கூடியவர்கள் கழற்றி வைத்தது இல்லை, கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது. யாருக்கு? ரோம் சபையின் கணக்கைப் பாருங்கள். 251 வாக்கில் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் இருக்கிறது: மூப்பர் 46, உதவிக்காரர் 7, அவர்களுக்குத் துணையாக 7, அதற்கும் கீழே 42, பேயோட்டுபவர் வாசிப்பவர் வாயில்காப்பவர் எல்லாம் சேர்த்து 52. சபை சோறு போடும் விதவைகளும் ஏழைகளும் 1,500க்கு மேல். ஆக 154 ஊழியருக்கு 1,500 பேர்.

(தெரியும் அண்ணா, இது கிறிஸ்தவர் எழுதியது. ஆனால் பக்திக் கதை இல்லை, சம்பளப் பட்டியல்.)

#15 சந்தேகப்பேர்வழி

அந்தப் பட்டியலை அனுமதிக்கிறேன். ஆனால் சோறு போட்டதால் சேர்ந்தார்கள் என்றால் அது பரவலுக்குக் காரணமா, இல்லை பரவியதன் விளைவா?

#16 தோணித்துறை

இரண்டும். இதற்கும் எதிரியைத்தான் கூப்பிட வேண்டும். கான்ஸ்டன்டைனின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஜூலியன் 361இல் பட்டத்துக்கு வந்தார், கிறிஸ்தவத்தை விட்டு பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர். கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு அவர் எழுதிய கடிதத்தில் புலம்புகிறார்: யூதர்களில் பிச்சை எடுப்பவன் இல்லை, இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் சொல்வார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நம் ஆட்களுக்கு நம்மிடமிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்று எல்லாரும் பார்க்கிறார்கள். போட்டிக்கு 30,000 மரக்கால் கோதுமையும் மதுவும் ஒதுக்குகிறேன், விடுதி கட்டு என்கிறார். (மரக்கால் என்பது என் மொழிபெயர்ப்பு, அவர்கள் அளவு ‘மோடியஸ்’.)

250களின் கொள்ளைநோயின்போது அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், மற்றவர்கள் உயிர் போகுமுன்பே தெருவில் தள்ளினார்கள் என்று ஆயர் தியோனிசியு எழுதுகிறார். அதில் தன் கட்சிப் பெருமை உண்டு. ஆனாலும் மருந்தே இல்லாத நாளில் காய்ச்சல்காரனுக்கு ஒரு வாய்க் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்தால் சிலர் பிழைப்பார்கள். பிழைத்தவன் யார் வீட்டுக்குப் போவான்?

#17 பதிவறை

ஒரு கடைசித் தாள். பிளினி தன் மாகாணத்து நிகோமேதியா நகரில் பெரிய தீ விபத்து நடந்தது என்று எழுதி, 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் அமைக்கலாமா என்று டிராஜனிடம் கேட்டார். வேண்டாம், எந்தப் பெயரில் ஆள் கூடினாலும் கொஞ்ச நாளில் அரசியல் கூட்டமாகிவிடும், வாளியும் கருவியும் வாங்கி வை போதும் என்று பதில் வந்தது. கிறிஸ்தவர்கள் சாப்பாட்டுக் கூட்டத்தை நிறுத்தியதற்குக் காரணமும் இதே பயத்தில் போட்ட ஆணைதான்.

சுமார் 190 வருஷம் கழித்து, 303 பிப்ரவரி 23. அதே நிகோமேதியா, இப்போது டயோக்ளீஷியனின் தலைநகர். மேட்டில், அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் ஒரு தேவாலயம். அதைக் கொளுத்தலாமா என்று பேச்சு வந்தபோது, சுற்றிலும் பெரிய கட்டடங்கள், தீ பரவிவிடும் என்று டயோக்ளீஷியன் தடுத்தார். கடைசியில் படைவீரர்கள் கோடரியோடு வந்து சில மணி நேரத்தில் தரைமட்டமாக்கினார்கள். தீயணைப்புக்காரர்களே கூடக் கூடாது என்ற ஊரில், அரண்மனைக்கு எதிரே, பெரிய வீடுகளுக்கு நடுவே தேவாலயம் எழும்பிவிட்டது. அப்போது கான்ஸ்டன்டைன் பட்டத்துக்கு வரவே இல்லை.

#18 சந்தேகப்பேர்வழி

சரி, பாதி தோற்றேன். 312இல் அவர் கையில் கிடைத்தது நிலவறைக் கூட்டம் இல்லை, சம்பளப் பட்டியலும் சொத்தும் ஊர் ஊராக ஆயரும் உள்ள ஓர் அமைப்பு. ஆனால் பத்தில் ஒருவராக இருந்தவர்கள் அடுத்த நூறு வருஷத்தில் பெரும்பான்மை ஆனதற்கு அரசாங்கப் பணமும் பதவியும்தான் பெரிய காரணம் என்ற பாதியை விட்டுத்தர மாட்டேன்.

#19 தோணித்துறை

அதை யாரும் இங்கே கேட்கவில்லையே அண்ணே. 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர் மாநாட்டுக்கு ஆயர்கள் அரசாங்க வண்டியில், அரசாங்கச் செலவில் போனார்கள். அவர்களில் சிலர் துன்புறுத்தலில் கண் போனவர்கள், கால் முடமானவர்கள். இரண்டு பாதியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

#20 சந்தேகப்பேர்வழி

நாளைக்கு அந்தச் செருப்புப் பட்டியலைக் கேன்டீனுக்கு எடுத்துப் போகிறேன். சிர்த்தா இப்போது எங்கே இருக்கிறது, வரைபடத்தில் அந்தப் பெயரே அகப்படவில்லையே?

#21 பதிவறை

அல்ஜீரியாவின் வடகிழக்கில். உள்நாட்டுப் போரில் பாழான ஊரைத் திரும்பக் கட்டிக்கொடுத்தவர் பெயரை வைத்துவிட்டார்கள், அதே பெயர்தான் இன்றும். கான்ஸ்டன்டைன் என்று தேடுங்கள்.